ஒற்றை விரல் சுருதி

“ஏன் தம்பி, நல்லா இருக்கிற சுருதிய எதுக்கு மாத்துறீங்க?” என்று சின்னராசா கேட்டார்.

கடைக்காரர் யாரும் கேட்கிற சாதாரணக் கேள்விதான். அதற்கு என் வீட்டுக்காரரின் முகம் வெளுத்துப்போனது. களவில் பிடிபட்டவர் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வாத்தியத்துக்குக் கம்பி வாங்க வந்த இடத்தில் இந்த மனிதர் எதற்கு இப்படி முழிக்கிறார்?

எங்கள் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிறது. நான் கொழுந்து எடுக்கிறேன். அவர், கஜேந்திரன், ஸ்டோரில் வேலை. தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு தள்ளுவார். அதற்கு முன்னால் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ரெண்டு சீசன் வேலை செய்தார். சமாதானம் என்று சொல்லி வெள்ளைக்காரர்கள் மறுபடி வர ஆரம்பித்த வருஷம் அது. அப்படி வந்த ஒருவர் ஊருக்குப் போகும்போது, இவர் ஆசையாய்ப் பார்த்ததைப் பார்த்து, தன் யூகலேலியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கிட்டார் போட்ட குட்டி மாதிரி இருக்கும். நாலே கம்பி. நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசையில் எல்லாருக்கும் அது சின்ன கிட்டார், எனக்கு மட்டும் சக்களத்தி. வேலை விட்டு வந்தால் முகம் கழுவுவதற்கு முன் அதைத்தான் எடுப்பார். ஆனாலும் நன்றாக வாசிப்பார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கோயில் பஜனையில் ஆர்மோனியக்காரரே நிறுத்திவிட்டு இவரைக் கேட்பார்.

அப்படி வாசித்த மனிதர் மாரிக்காலத்துக்குப் பிறகு அதைத் தொடவில்லை. கேட்டால் அலுப்பு என்றார். பொங்கல் முடிந்ததும் திடீரென்று, “ஹட்டனுக்குப் போயி வேற கம்பி வாங்கணும், சுருதிய மாத்தப்போறேன்” என்றார். அதற்குத்தான் வந்திருந்தோம்.

யூகலேலிக் கம்பி என்று அந்தக் கடையில் தனியாக எதுவும் கிடையாது. கிட்டார் கம்பியை அளவு பார்த்து வெட்டிக் கொடுப்பார்கள். சின்னராசா கண்ணாடி மேசைமேல் நாலைந்து சுருளைப் பரப்பி, ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார்.

“மேல இருந்து ஜி, சி, ஈ, ஏ. அதுதானே வழமையான சுருதி? நீங்க கடைசிக் கம்பிய ஏயில இருந்து ஜிக்கு எறக்கச் சொல்றீங்க.”

“ஆமாண்ணே.”

“எறக்குனா ஒண்ணையும் புடிக்காம சும்மா தடவுனாலே ஒரு முழு நாதம் வந்துரும். ஒத்த விரல நீட்டி நாலு கம்பி மேலயும் படுக்கவச்சா, அஞ்சாவது கட்டத்துல ஒண்ணு, ஏழாவது கட்டத்துல ஒண்ணு. நம்ம பாட்டுல பாதி அந்த மூணுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா அது படிக்கத் தெரியாதவுங்க வைக்கிற சுருதியாச்சே தம்பி. ஒங்களுக்கு எதுக்கு?”

“சும்மாதாண்ணே. ஒரு ஆசை.”

“சரி, ஆசைன்னா ஆசை. இப்ப இருக்கிற கம்பியவே எறக்குனா தொளதொளன்னு தொங்கும். கொஞ்சம் தடிச்சது போடணும். மேல கெடக்கிறதும் ஜி, கீழ வரப்போறதும் ஜி. கிட்டார்ல மொத நைலோன் கம்பி ஒண்ண ரெண்டா வெட்டுனா ரெண்டு பக்கத்துக்கும் ஆச்சு. ஒரே தடிப்பு, ஒரே இழுவை. பெட்டிக்கும் நோவாது.”

“கீழ உள்ளதுக்கு நைலோன் வேணாம். மெண்டலின் கம்பி குடுங்க.”

“இரும்பா? கைய அறுத்துரும் தம்பி!”

“கொஞ்சம் அறுத்தாத்தாண்ணே புடிச்சிருக்கேன்னு தெரியுது.”

சின்னராசா சிரித்துவிட்டார். “என்னாம்மா, ஸ்டோர்ல வெறகு தூக்கித் தூக்கி ஒங்க ஆளுக்குக் கை காய்ச்சுப்போச்சு போல” என்று என்னிடம் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கம்பிப் பொட்டலத்தை வாங்கும்போது அவர் வலது கையை மட்டும்தான் நீட்டினார். இடது கை கால்சட்டைப் பையிலேயே இருந்தது. பஸ்ஸில் ஏறும்போதும் அப்படித்தான், கம்பியைப் பிடிக்காமல் முழங்கையை மாட்டிக்கொண்டு ஏறினார். நோர்வூட் வரும்வரை நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி மாட்ட ஆரம்பித்தார். எங்கள் மகள் நிலக்ஷி, ஆறு வயது, அவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவர் இடது கையால் யூகலேலியின் தலைப் பக்கத்தைப் பிடித்து, வலது கையால் இரும்புக் கம்பியை முறுக்காணியில் சுற்றினார். ஹோட்டலில் அந்த வெள்ளைக்காரர் மீன் முள்ளை எடுக்கத் தெரியாமல் விழுங்கிய கதையைச் சொன்னார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டது.

“அப்பா, விரலுக்குள்ள கம்பி போயிருக்கு.”

நான் திரும்பினேன். முறுக்காணியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனி அவருடைய சுண்டு விரலின் சதைக்குள் ஏறியிருந்தது. குத்தி நிற்கவில்லை, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. இரத்தம் மணிக்கட்டு வரைக்கும் வழிந்து சாரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முறுக்கிக்கொண்டே, “என்ன புள்ள?” என்றார்.

“அடப்பாவி மனுசா!” என்று பாய்ந்து அந்த விரலைப் பிடித்தேன். என் கையில் மாவு. கம்பியை இழுத்து எடுத்தேன். அது வெளியே வருகிற உணர்வு என் விரலுக்குத் தெரிந்தது, எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ‘ஸ்’ கூடச் சொல்லவில்லை.

“வலிக்கலையா?”

“பனிக்கு மரத்துப்போச்சு.”

அதை நம்பிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? எங்கள் மலையில் தை, மாசியில் யாருக்குத்தான் விரல் மரக்காது? விடிகாலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போனால் பேர் கொடுக்க வாய் வராது, முதல் கூடை நிறையும்வரை விரல் இருக்கிறதா என்றே தெரியாது. கொழுந்தோடு சேர்த்து நகத்தையும் பிய்த்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு கத்துவோம். விரல் மரத்துப்போச்சு என்று யாராவது சொன்னால், அடுப்பில் காட்டு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். அது எங்களுக்கு வியாதி இல்லை, காலநிலை.

ஆனால் இது மத்தியானம். அவர் உட்கார்ந்திருந்தது எரிகிற அடுப்புக்கு முன்னால்.

அந்தக் கையை வெளிச்சத்துக்கு இழுத்துத் திருப்பினேன். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே வளைந்திருந்தன. நீட்டச் சொன்னேன், நீளவில்லை. உள்ளங்கை ஓரத்தில் ஆறிய கொப்புளங்கள், ஒன்றல்ல, நிறைய. ஸ்டோர் அடுப்பில் சுட்டதாம். எப்போது சுட்டது என்று கேட்டேன். தெரியாது என்றார். சுட்டது தெரியாத மனிதன் உலகத்தில் உண்டா? சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி மோதிர விரலில் வைத்தேன். அழுத்தினேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப என்ன செய்றேன் சொல்லுங்க.”

“ஒண்ணும் செய்யல.”

ஊசி முனையில் சிவப்பாய் ஒரு பொட்டு. நான் நிலக்ஷியை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

எனக்கு எதற்கு அவ்வளவு பயம் என்றால், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் மூக்கன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கும் விரல்கள் இப்படித்தான் வளைந்திருந்தன. பிறகு விரல்களே இல்லாமல் போயின. ஒரு நாள் லொறி வந்து அவரை எங்கோ தீவில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது. பெஞ்சாதி பின்னால் ஓடினாள், ஏற்றவில்லை. பிறகு அவள் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். என் அம்மாவும் நகர்ந்தாள். அந்த வியாதியின் பேரை யாரும் வாயால் சொல்வதில்லை, பெரிய வியாதி என்பார்கள். அன்றைக்கு நானும் அந்தப் பேரைச் சொல்லாமல்தான் பேசினேன்.

“ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கைய பையில போட்டுக்கிட்டுத் திரியிறீங்க. தெரிஞ்சுதான் ஒத்த விரல் சுருதி கேட்டீங்க” என்றேன்.

கத்த வேண்டும்போல இருந்தது. எங்கே கத்துவது? லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பரா வீரம்மா, நாங்கள் சீனி போட்டோமா இல்லையா என்பதைக் கரண்டிச் சத்தத்தில் சொல்கிறவள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நான் புருஷனோடு கிசுகிசுத்துச் சண்டை போட்டது அன்றைக்குத்தான்.

“ஆமா, தெரியும்” என்றார் அவர். “மொதல்ல சுண்டு விரல். பொறகு மோதிர விரல். இப்ப ஆட்காட்டி விரலும் லேசா மந்தமா இருக்கு. அந்த ஒரு விரலாச்சும் இருக்கயிலேயே வாசிச்சுக்கிருவோம்னு பாத்தேன். வாசிக்காம விட்டா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க புள்ள. வாசிச்சா யாரும் கைய பாக்க மாட்டாங்க.”

“டிஸ்பென்சரிக்குப் போயிருக்கலாம்ல?”

“போனா? மருந்துக்காரர் கண்டாக்கையாகிட்ட சொல்லுவாரு, அவரு தொரைகிட்ட சொல்லுவாரு. வேலையில இருந்து பேர வெட்டிருவாங்க. காம்பராவும் போயிரும். நிலக்ஷிய ஸ்கூல்ல யாரு பக்கத்துல ஒக்கார வைப்பா? எனக்குப் பயமா இருந்துச்சு லெச்சுமி.”

“மறைச்சியேய்யா, பாவி! நாங்க ரெண்டு பேரும் ஒன் பக்கத்துலதானே படுத்திருக்கோம்!”

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் சுவரோடு ஒதுங்கி உட்கார்ந்துவிட்டார். மாவு காய்ந்த என் கையைப் பார்த்தேன். சற்று முன் அவருடைய இரத்தத்தைத் தொட்ட கை. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதற்கு வெட்கமாகவும் இருந்தது, ஆனால் கையை இறக்க முடியவில்லை.

மறுநாள் கொழுந்து மலைக்குப் போகவில்லை. நிலக்ஷியைப் பீலிக்குக் கூட்டிப்போய், குளிரில் அவள் அழ அழ, சட்டையைக் கழற்றித் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். பிள்ளையின் உடம்பில் அதற்கு முன் நான் கவனிக்காத எத்தனை அடையாளங்கள்! முட்டியில் ஒரு தழும்பு, முதுகில் ஒரு மங்கல், கன்னத்தில் வெள்ளையாய் ஒன்று. ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். கிள்ளுகிற ஒவ்வொரு இடத்திலும் அவள் அலறினாள். அலற அலற எனக்கு உயிர் வந்தது. கன்னத்தில் கிள்ளியபோது என்னைத் திருப்பி அடித்தாள். தங்கமே என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“ஏன்டி, பைத்தியமா ஒனக்கு? பச்சப்புள்ளய போட்டு இந்தக் கிள்ளு கிள்ளுற?” என்று பின்னால் சத்தம். வீரம்மா குடத்தோடு நின்றாள்.

“பொய் சொல்லுறா அக்கா, அதான்.”

“பொய் சொன்னா வாயில போடு, முதுகுல எதுக்குக் கிள்ளுற?” குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்துவிட்டு அவள் என்னையே பார்த்தாள். “என்னமோ சரியில்ல ஒங்க வீட்டுல. நேத்து ரெண்டு பேரும் சத்தமே இல்லாம இருந்தீங்க.”

எங்கள் வீட்டில் சத்தம் இல்லை என்பதே ஊருக்குச் செய்தியாகிவிட்டது. இன்னும் ரெண்டு நாள் போனால் இவளே அவருடைய கையைப் பிடித்துப் பார்ப்பாள். அதற்குள் போக வேண்டும், தோட்டத்துக்கு வெளியே, எங்களைத் தெரியாத ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அவர் வர மாட்டேன் என்றார். “நீங்க வரலைன்னா நான் இப்பவே வாசல் இஸ்தோப்புல நின்னு லயமே கேக்குற மாதிரி கத்துவேன்” என்றேன். நான் கத்தக்கூடியவள் என்பது அவருக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டார். வீரம்மாவிடம், வாங்கிய கம்பி சரியில்லை, மாற்றப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, நிலக்ஷியை அவளிடமே விட்டேன். கம்பி மாற்ற எதற்குப் புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேரும் என்று அவள் கேட்டது படி இறங்கும்வரை காதில் விழுந்தது.

ஹட்டனில் இறங்கி நுவரெலியா பஸ் பிடித்தோம். தலவாக்கலையில் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி ஒருவர் ஏறினார். நான் முந்தானையால் இவருடைய கையை மூடினேன். அது வேறு யாரோ. நானுஓயாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். ஒரு சின்னப் பையன் நிற்க இடமில்லாமல் இவருடைய முழங்காலில் சாய்ந்துகொண்டான். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பையன் இறங்கிய பிறகுதான் மூச்சு விட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய வளைந்த விரல்களை முந்தானைக்குள்ளேயே பிடித்துக்கொண்டேன். நான் பிடித்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

தோல் கிளினிக்கில் இருந்தது ஒரு பெண் டொக்டர். நிரூபா என்று மேசைமேல் பேர்ப்பலகை. பேசியதும் யாழ்ப்பாணத்து ஆள் என்று தெரிந்தது. அவர் எங்களைக் கிட்டவே உட்காரச் சொன்னார். கையுறை போடாமல் இவருடைய கையைப் பிடித்தார். நான் அந்தக் கைகளையே பார்த்தேன். முழங்கைக்கு உள்பக்கம் தடவி, “இந்த நரம்பு தடிச்சுப்போய்க் கிடக்கு. எப்ப இருந்து இப்பிடி?” என்று கேட்டார்.

“மாரிக்காலத்துல இருந்துங்க.”

“ஏன் இவ்வளவு நாளும் வரேல்ல?”

நான்தான், “பயந்துட்டாருங்க” என்றேன்.

டொக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து விரல் விரலாகத் தொட்டார். தொட்ட இடத்தை மற்றக் கையால் காட்ட வேண்டும். சில இடத்தைக் காட்டினார். சுண்டு விரலில் டொக்டர் மூன்று தரம் தொட்டும் அவருடைய கை காற்றிலேயே காத்துக்கொண்டிருந்தது. நான் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன்.

“தொழுநோய்தான்” என்றார் டொக்டர், காய்ச்சல் என்று சொல்வதுபோல. “முந்தின காலம் மாதிரி இல்ல. மாத்திரை இருக்கு. குடிக்கத் தொடங்கினா மற்ற ஆக்களுக்குத் தொத்தாது. ஒருத்தரும் உங்கள எங்கயும் ஏத்திக்கொண்டு போகமாட்டினம். வேலைக்குப் போகலாம். விறகடுப்பு மட்டும் வேண்டாம், அதுக்கு நான் கடிதம் தாறன். மரத்த இடம் முழுக்கத் திரும்பி வருமெண்டு சொல்லேலாது, ஆனா இனி மோசமாகாம நிப்பாட்டலாம்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவரைப் பார்த்து, “கேட்டீங்களா? இதுக்கா மனுசா இத்தன நாளு மறைச்சீங்க? மொதல் நாளே எங்கிட்ட சொல்லியிருந்தா இழுத்துக்கிட்டு வந்திருப்பேன்ல? நானா இருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்” என்று டொக்டருக்கு முன்னாலேயே ஏசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?” என்று டொக்டர் கேட்டார்.

“நாங்க ரெண்டு பேரும், ஒரு பொம்பளப் புள்ளையும்.”

“எல்லாரையும் பாக்க வேணும். வந்ததோட உங்களையும் பாப்பம். இஞ்சால வாங்கோ.”

எனக்கு ஒன்றுமில்லை, நான் தினமும் மலை ஏறி இறங்குகிறவள் என்று சொல்லிக்கொண்டேதான் எழுந்தேன். டொக்டர் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, முகம், கழுத்து, கை என்று பார்த்துக்கொண்டு வந்தார். சட்டைக் கையை மேலே ஏற்றி, முழங்கையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே சற்று நேரம் நின்றார். பிறகு பஞ்சை எடுத்து, “கண்ணை மூடுங்கோ. நான் தொடுற இடத்தை விரலால காட்டுங்கோ” என்றார்.

மூடினேன். மணிக்கட்டில் தொட்டார், காட்டினேன். உள்ளங்கையில் தொட்டார், காட்டினேன். கழுத்தில் தொட்டபோது கூச்சத்தில் சிரித்துவிட்டேன். பிறகு டொக்டர் தொடவில்லை. காத்திருந்தேன். வெளியே ஒரு பிள்ளை இருமியது. ஊசி ஏதாவது எடுக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

“தொடுங்கம்மா, நான் பயப்பட மாட்டேன்” என்றேன்.

“லெச்சுமி” என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கண்ணைத் திறந்தேன். டொக்டர் எங்கேயும் போகவில்லை, என் பக்கத்தில்தான் நின்றார். என் முழங்கைக்குப் பின்னால், நான் ஒருநாளும் பார்க்க முடியாத இடத்தில், பஞ்சு அழுந்தி வளைந்து நின்றது.

சட்டைக் கையை வெடுக்கென்று கீழே இழுத்து மூடினேன். “அது ஒண்ணுமில்லீங்க, கொழுந்துக் கூடை உரசுற எடம்” என்றேன். கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் எழுந்து போய்விட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

அவர் எழுந்து வந்து என் முன்னால் குந்தினார். பிடிக்கத் தெரியாத அந்த இடது கையாலேயே என் சட்டைக் கையை மெல்ல மெல்ல மேலே உருட்டினார். விரல் வழுக்கி வழுக்கிப்போனது, மறுபடி உருட்டினார். “பாருங்க டொக்டர்” என்றார். “மத்தியான பஸ்ஸில போயி நாளைக்கே புள்ளையையும் கூட்டிக்கிட்டு வாறேங்க.”

“எனக்குப் பயமா இருக்குங்க” என்றேன்.

“எனக்குந்தான்” என்றார் அவர்.